காவல் நாயும் அவசர வைத்தியமும்

பசுவுக்கு வயிறு உப்பினால் நள்ளிரவிலும் மருத்துவரைத் தேடி ஓடுகின்ற குடியானவர், காவல் நாய் துடிக்கும்போது, "விடியட்டும், பார்க்கலாம்" என்று சொல்லிப் படுத்துக்கொள்வது நம் பக்கத்தில் வழக்கமாயிருக்கிறது. இவ்வழக்கம் தவறென்பதையும், அத்தவறில் எனக்கும் பங்குண்டென்பதையும் இங்கு எழுதத் துணிகிறேன்.

தளவாய்புரத்தை அடுத்த ஒரு தோட்டத்தில் எலிகள் நெற்பயிரை வெட்டிச் சேதப்படுத்தியபோது, துத்தநாக பாஸ்பைடு என்னும் எலிப் பாஷாணம் வைக்கும் முறையை நானே செய்து காட்டினேன். தானியம் 96 பங்கு, எண்ணெய் 2 பங்கு, மருந்து 2 பங்கு என்ற அளவையும், மருந்திடுமுன் இரண்டொரு நாள் வெறுந்தானியம் வைத்து எலிகளைப் பழக்கவேண்டும் என்பதையும் விளக்கினேன். நாயைக் கட்டிவைக்கும்படி சொல்ல மறந்தேன். மருந்து வைத்த அன்றிரவே அத்தோட்டத்து இராஜபாளையம் நாய் அந்த இரையைத் தின்றுவிட்டது. வீட்டார் விஷம் முறியுமென்று நம்பிப் பாலும் சோறும் ஊட்டி விடியலுக்குக் காத்திருந்தனர். பொழுது புலருமுன் அது மாண்டது.

இதில் நாம் அறியவேண்டியது யாதெனில், இப்பாஷாணம் இரைப்பையிலுள்ள அமிலத்தோடு கலந்து பாஸ்பீன் என்னும் நச்சுவாயுவை உண்டாக்குகிறது. கொல்வது அவ்வாயுவே. உணவு ஊட்டினால் அமிலம் அதிகமாய்ச் சுரக்கும், வாயுவும் மிகும். ஆகவே பாலும் சோறும் தீமையே செய்தன. இவ்விஷத்துக்கு நேரான மாற்று மருந்து கிடையாது. ஆயினும் காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் சேர்ப்பித்தால், அமிலத்தைத் தணித்தும் சலைன் ஏற்றியும் பிழைப்பிக்க இடமுண்டு. வாந்தியிலிருந்து எழும் வாயு மனிதருக்கும் கேடாதலால், பிராணியைக் காற்றோட்டமுள்ள வண்டியிலேயே ஏற்றவேண்டும். மருந்துப் பொட்டலத்தையும் உடன் எடுத்துச் செல்லவேண்டும்.

நிற்க. விடியலுக்குக் காத்திருக்கலாகாத ஆபத்துகள் வேறும் உள. மலையடிவாரத் தோட்டங்களில் பாம்புக்கடி புதிதன்று. கடிவாயைக் கீறுவதும் இறுகக் கட்டுவதும் பயனற்றவை. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கும் ஒரே முறிவு மருந்து உண்டு; அது எவ்வளவு சீக்கிரம் உடலில் ஏறுகிறதோ அவ்வளவுக்கு நன்மை. ஆழ்ந்த மார்புடைய இராஜபாளையம் போன்ற நாய்களுக்குச் சில வேளை இரைப்பை உப்பி முறுக்கிக்கொள்ளும். வயிறு பருத்து, வாந்தியெடுக்க முயன்றும் ஒன்றும் வராவிடின் அதுவே அறிகுறி. சில மணி நேரத்துக்குள் சிகிச்சை செய்யாவிடில் உயிர் தங்காது. பூச்சிமருந்து பட்டு எச்சில் ஒழுகி வலிப்புக் கண்டால், அட்ரோபின் முதலிய மருந்துகளை மருத்துவரே அளவறிந்து கொடுக்கவேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் இங்கு அவசியம். நாய் குணம் மாறி, விழுங்கமாட்டாமல் எச்சில் ஒழுக நின்றால், எலும்பு சிக்கியதாக எண்ணி வாயில் கைவிடலாகாது. அது வெறிநோயாக இருக்கலாம். கடிபட்டவர் காயத்தைச் சோப்பும் ஓடுநீரும் கொண்டு 15 நிமிஷம் கழுவி, அன்றே அரசு ஆஸ்பத்திரியில் தடுப்பூசி தொடங்கவேண்டும்.

"நாய்க்கு இத்தனை பிரயாசையா?" என்று கேட்போர் உளர். நம் ஊர்ப் பெயர் தாங்கிய இந்நாயின் உருவத்தை 2005ஆம் வருஷம் இந்திய அஞ்சல் துறை தபால் தலையில் பொறித்தது. அப்பெருமை கிடக்கட்டும். வீட்டையும் தோட்டத்தையும் இரவெல்லாம் காப்பது கூலி கேளாத அந்தப் பிராணியே. அன்றியும், நாய்க்கென்று செய்துவைத்த ஏற்பாடு, கன்று ஈனமாட்டாமல் தவிக்கும் பசுவுக்கும், இளஞ்சோளப் பயிரை மேய்ந்து நஞ்சேறிய ஆட்டுக்கும் அப்படியே உதவும்.

அவ்வேற்பாடு பெரிதன்று. அரசுக் கால்நடை மருந்தகம் மாட்டுக்கு மட்டுமென்று பலர் எண்ணுகின்றனர். நாய்க்கும் அங்கே சிகிச்சை உண்டு. கால்நடை அவசர வண்டிக்கு 1962 என்ற எண்ணில் அழைக்கலாம். ஆனால் வண்டி தூரத்தில் இருக்கக்கூடும். அகாலத்தில் கிட்டாமலும் போகலாம். ஆகையால் அதனை மட்டும் நம்பியிராமல், நமக்கென்று ஒரு வண்டியை முன்கூட்டியே பேசி வைத்திருத்தல் நலம். நோவினால் வளர்த்தவரையே நாய் கடிக்குமாதலால், மெல்லிய துணியால் வாயைக் கட்டுக. வாந்தியோ மூச்சுத்திணறலோ இருந்தால் கட்டற்க. கெட்டியான சாக்கில் கிடத்தித் தூக்குக.

கிராம நிர்வாக அலுவலர்களுக்கும் ஊராட்சித் தலைவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். மருந்தகத்தின் வேலை நேரம், மருத்துவரின் தொலைபேசி எண், இரவில் வரச் சம்மதித்த வண்டிக்காரரின் எண் ஆகிய மூன்றையும் ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதிவையுங்கள். இதற்குச் சாயத்தைத் தவிர வேறு செலவில்லை.

என்னைப் போன்ற செயல்விளக்க உத்தியோகஸ்தர்களுக்கும் ஒரு கடமை உண்டு. விஷத்தின் அளவைச் சொல்லுகிறவர், நாயைக் கட்டிவைக்கவும், மிஞ்சிய இரையையும் செத்த எலிகளையும் மறுநாட் காலையில் பொறுக்கிப் புதைக்கவும், தவறு நேர்ந்தால் எங்கே ஓடவேண்டுமென்றும் அதே மூச்சில் சொல்லவேண்டும். அத்தோட்டத்தில் நான் அதைச் சொல்லவில்லை. இப்பொழுது போகும் தோட்டங்களிலெல்லாம் மருந்துப் பொட்டலத்தைப் பிரிக்குமுன், "நாய் எங்கே?" என்றுதான் முதலில் கேட்கிறேன்.