நாளைக்கும் வருவீங்களோ, டீச்சர்?



சென்ற மாதம் எமக்குக் கிடைத்த கடிதங்களில் ஒன்று முல்லைத்தீவு மாவட்டத்துக் கிராமமொன்றிலிருந்து வந்திருந்தது. எழுதியவர் 2009இல் செட்டிகுளம் முகாமில் கூடாரத்துக்குள் இருந்து தரம் 2 படித்தவர். தகப்பன் இல்லை. தாயார் இடியப்பம் அவித்து விற்றுப் படிப்பித்திருக்கிறார். கல்வியியற் கல்லூரியில் பயிற்சி முடித்து, இப்போது ஆரம்பப் பிரிவு ஆசிரியையாக நியமனம் பெற்றிருக்கும் அவரிடம் தரம் 1 ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. "முதல் மூன்று நாளும் வீட்டுக்கு வந்து அழுதேன். வகுப்பில் பிள்ளைகளும் அழுகுதுகள். பயிற்சியில் படித்தது ஒன்றும் கைகொடுக்கவில்லை. நான் இந்த வேலைக்குப் பொருத்தமில்லையோ?" என்று கேட்டிருக்கிறார்.

மகளே, பொருத்தமில்லை என்று முடிவு செய்ய மூன்று நாள் போதாது. பல வருடம் படிப்பித்தவர்களுக்கும் புதுப் பாடசாலையில் முதல் வாரம் தடுமாற்றம்தான். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

2010இல், வன்னியில் மீள்குடியேற்றம் நடந்துகொண்டிருந்தபோது, அங்குள்ள பாடசாலையொன்றுக்குத் தரம் 1 ஆசிரியையாகப் போனேன். கட்டடத்துக்குக் கூரை இல்லை. தறப்பாள் கட்டித்தான் வகுப்பு. முதல் நாள் பிள்ளைகளின் சத்தம் பொறுக்காமல் அடிமட்டத்தால் மேசையில் ஓங்கி அடித்தேன். வகுப்பு அமைதியாகிவிட்டது. பார்த்தால், இரண்டு பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்குக் கீழே குப்புறப் படுத்திருக்கிறார்கள்.

இரண்டாம் நாள் விபரம் பதியும்போது ஒவ்வொரு பிள்ளையையும் எழுப்பி, "அப்பா என்ன வேலை?" என்று எல்லோருக்கும் கேட்கக் கேட்டேன். ஒரு சிறுமி எழுந்து, "அப்பாவை அம்மா தேடுறா" என்றாள். மற்றப் பிள்ளைகள் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த இரண்டு நாளும் அவள் வரவில்லை. வெள்ளிக்கிழமை பாடசாலை விட்டதும் வீடு தேடிப் போய்த் தாயிடம் மன்னிப்புக் கேட்டேன். அந்தத் தாய் என்னைக் கோபிக்கவில்லை. "எனக்கும் அதுக்கு என்ன சொல்லுறதெண்டு தெரியேல்லை டீச்சர்" என்றார். திங்கட்கிழமை சிறுமி வந்தாள். என் பதிவேட்டில் அந்த இடத்தை நான் வெறுமையாகவே விட்டேன்.

அந்த வாரம் வீட்டுக்குப் போகும் நேரத்தில் பிள்ளைகள் தினமும் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. "டீச்சர், நாளைக்கும் வருவீங்களோ?" ஊரூராக இடம்பெயர்ந்த பிள்ளைகள் அவர்கள். நேற்று இருந்த வீடும் ஆளும் இன்று இல்லாமற் போனதைக் கண்டவர்கள். அந்தக் கேள்வியில்தான் என் வேலை எனக்கு விளங்கியது. அ, ஆ படிப்பிக்க வருடம் முழுவதும் இருக்கிறது. நாளைக்கும் இதே டீச்சர், இதே இடம், இதே ஒழுங்கு என்று பிள்ளை நம்ப வேண்டும். முதல் வாரத்துக்கு அந்த ஒரு வேலை போதும்.

இன்று தரம் 1க்கு வருபவர்கள் போர் முடிந்து பல வருடங்களின் பின் பிறந்தவர்கள். ஆயினும் அம்மா வெளிநாட்டில் வேலைக்குப் போயிருக்க அம்மம்மாவிடம் வளர்கிற பிள்ளை, கடன்காரருக்கு ஒளித்து வாழும் குடும்பத்துப் பிள்ளை, குடிக்கும் தகப்பனுக்குப் பயந்த பிள்ளை எங்கள் வகுப்புகளில் உண்டு. "நாளைக்கு என்ன நடக்கும்?" என்ற பயம் அவர்களுக்கும் இருக்கிறது. ஆகவே முதல் வாரத்துக்குச் சில யோசனைகள்.

பெயர்: இரண்டு நாளுக்குள் எல்லாப் பெயரையும் மனப்பாடம் செய்யுங்கள். மட்டையில் எழுதி நெஞ்சில் குத்திவிடலாம். வீட்டில் கூப்பிடும் பெயரையும் கேட்டறியுங்கள். அழும் பிள்ளையை அந்தப் பெயரால் கூப்பிட்டுப் பாருங்கள்.

ஒழுங்கு: காலையில் ஒரே பாட்டு, போகும்போது ஒரே பாட்டு. புத்தகப் பையும் தண்ணீர்ப் போத்தலும் வைக்க ஒரே இடம். ஐந்து நாளும் இவற்றை மாற்ற வேண்டாம். உங்களுக்குச் சலிக்கும், பிள்ளைகளுக்குச் சலிக்காது. "வருவேன்" என்று சொன்னால் வாருங்கள். லீவு எடுக்க வேண்டி வந்தால் முதல் நாளே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.

மலசலகூடம்: முதல் நாளே எல்லோரையும் கூட்டிப்போய்க் காட்டுங்கள். கேட்கப் பயந்து காற்சட்டையை நனைக்கும் பிள்ளை, மறுநாள் வெட்கத்தில் வரமாட்டேன் என்று நிற்கும். இரண்டு மூன்று பழைய காற்சட்டைகளை அலுமாரியில் வைத்திருங்கள். நனைத்தால் மற்றவர்கள் அறியாமல் மாற்றிவிடுங்கள்.

சாப்பாடு: பத்து மணிக்கு முன் சிணுங்குகிற, சண்டை பிடிக்கிற பிள்ளை பெரும்பாலும் காலையில் சாப்பிடாமல் வந்த பிள்ளை. தண்டிக்குமுன் "இண்டைக்கு என்ன சாப்பிட்டனி?" என்று காதுக்குள் கேளுங்கள்.

பாடம்: 1999இல் நாடெங்கும் தரம் 1இல் தொடங்கிய ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், பாடங்களுக்குப் போகுமுன் பிள்ளையை இனங்காணச் சொன்னது. விளையாட்டுக்குக் கூடிய இடமும் எழுத்து வேலைக்குக் குறைந்த இடமும் கொடுத்தது. ஆகவே, "ஒரு எழுத்தும் படிப்பிக்கவில்லையே" என்று கவலைப்படாதீர்கள். விளையாடவிட்டுப் பாருங்கள். பென்சில் பிடிக்கத் தெரிந்தவர் யார், பேசாமல் ஒதுங்குபவர் யார், கூப்பிட்டால் கேளாதவர் யார் என்று தெரியவரும். பின்னேரம் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வரி கொப்பியில் எழுதி வையுங்கள்.

கேள்வி: குடும்ப விபரங்களைப் பிள்ளையிடம் வகுப்பில் கேட்காதீர்கள். தாயிடமோ அம்மம்மாவிடமோ தனியாகக் கேளுங்கள். பிள்ளை தானாகச் சொன்னால் வேலையை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். சொல்லாததைத் தோண்ட வேண்டாம்.

பிரம்பு: "பிரம்பு இல்லாமல் சரிவராது" என்று யாராவது உங்களுக்குப் புத்தி சொல்லக்கூடும். பாடசாலையில் பிள்ளைகளை அடிக்கக் கூடாதென்று கல்வி அமைச்சு 2005இலேயே 17ஆம் இலக்கச் சுற்றறிக்கையில் சொல்லிவிட்டது. வீட்டில் அடி வாங்கிய பிள்ளைக்கு உங்கள் கையும் அதே கையாகத் தெரியக் கூடாது. சத்தம் கூடினால் நீங்கள் குரலைத் தாழ்த்துங்கள், அல்லது கை தட்டி ஒரு தாளம் போடுங்கள். இரண்டொரு நாளில் பழகிவிடுவார்கள்.

இனி உங்களைப் பற்றி. தாயின் சீலையைப் பிடித்து அழும் பிள்ளையைக் காணும்போது உங்களுக்கு அழுகை வருவதாக எழுதியிருக்கிறீர்கள். கூடாரத்துக்குள் இருந்த சின்னப் பிள்ளை இன்னும் உங்களுக்குள் இருக்கிறாள். அது குற்றமல்ல. வகுப்பில் மனம் தாங்காவிட்டால், பக்கத்து வகுப்பு ஆசிரியையைப் பார்க்கச் சொல்லிவிட்டு ஐந்து நிமிடம் வெளியே வந்து முகம் கழுவுங்கள். மூத்த ஆசிரியை ஒருவரிடம் மனம்விட்டுக் கதையுங்கள். பாடக்குறிப்பு எழுதத் தெரியாவிட்டாலும் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை. இரவில் நித்திரை வராமல், பழைய நினைவுகள் வாரக்கணக்காகத் தொடர்ந்தால், பிரதேச செயலகத்தில் உள்ள உளவளத்துணை உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். பிள்ளைகளுக்காக என்றாலும் அதைச் செய்யத்தான் வேண்டும்.

தரம் 1இல் பிள்ளையைச் சேர்க்கும் தாய்மாருக்கும் ஒரு வார்த்தை. வீட்டு நிலைமையை ஆசிரியையிடம் முதல் நாளே தனியாகச் சொல்லிவிடுங்கள். முழுவதையும் சொல்ல வேண்டியதில்லை. "தகப்பனைப் பற்றிக் கேட்க வேண்டாம்", "பெரிய சத்தத்துக்குப் பயம்" என்ற அளவு போதும். என்னிடம் அப்படி ஒரு தாய் முன்கூட்டிச் சொல்லியிருந்தால், அந்தச் சிறுமி இரண்டு நாள் வீட்டில் இருந்திருக்க மாட்டாள். ஆனால் கேட்டறிந்திருக்க வேண்டியவள் நான்தான்.

மகளே, திங்கட்கிழமை மறுபடி போங்கள். அழுகிற பிள்ளைகளின் தொகை குறைந்திருக்கும். குறையாவிட்டாலும் அதே பாட்டைப் பாடுங்கள். தவணை முடிவில் எங்களுக்கு மறக்காமல் எழுதுங்கள்.

மீண்டும் அடுத்த மாதம் சந்திப்போம்.