நோயாளிக்கும் தோள் கொடுப்போம்



நம் மஹல்லாக்களில் ஜனாஸாவைச் சுமக்கச் சந்தூக் ஆயத்தமாக இருக்கிறது. தோள் கொடுக்க ஆள் தேட வேண்டியதில்லை. ஆயின், உயிருடன் இருக்கும் நோயாளி, மருத்துவர் குறித்த நாளில் மருத்துவமனை சென்று சேர நாம் செய்துள்ள ஏற்பாடு யாது?

கம்பத்திலிருந்து தேனி ஏறத்தாழ 40 கிலோமீட்டர். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ தேனியையும் கடந்து க.விலக்கில் அமைந்துள்ளது. பள்ளத்தாக்கின் உட்கிராமத்தார் முதலில் கம்பத்திற்கோ உத்தமபாளையத்திற்கோ வந்து, வேறு பேருந்து ஏற வேண்டும். சிறுநீரகம் பழுதுற்றோர் பலருக்கு இரத்தச் சுத்திகரிப்பு வாரம் இரண்டு மூன்று முறை. தவறினால் உடலில் நீர் கோத்து மூச்சுத் திணறக்கூடும். தமிழகத்தில் 2008-ல் தொடங்கிய 108 ஊர்தி அவசரத்திற்கு உரியது. தவணைச் சிகிச்சைக்கு அன்று. 2021 முதல் பெண்களுக்குக் கிடைத்துள்ள கட்டணமில்லாப் பயணமும் நெடுந்தொலைவுப் பேருந்துகளுக்கு இல்லை.

ஒருவரை அவருடைய வாகனத்தில் ஏற உதவுவதும் ஸதக்காவே என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவித்துள்ளார்கள். அதைச் செயலாக்கும் வழி எளிது. வரும் வாரம் மருத்துவமனை செல்வோரின் பெயர்களை ஜும்ஆவுக்குப் பின் ஜமாஅத்தார் எழுதிக்கொள்ளட்டும். கார் உடையோர் மாதம் ஒரு நாளை ஒதுக்கட்டும். எரிபொருட் செலவைப் பைத்துல்மால் ஏற்கட்டும். பிற சமயத்து அண்டை வீட்டாருக்கும் அவ்வாகனத்தில் இடம் இருக்கட்டும். திரும்பி வருவதையும் மறத்தல் ஆகாது. சிகிச்சை முடிந்து சோர்ந்தவருக்கே துணை மிகத் தேவை.

சந்தூக்கைத் தூக்க விரையும் நம் தோள்கள், அதற்கு முன்பே நோயாளியைத் தாங்க அல்லாஹ் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.