"நமக்கேன் வம்பு" என்றால் வீடு நிற்குமா?

தெருவிளக்கு எரியவில்லை. சாக்கடை நிரம்பி வழிகிறது. குழாயில் தண்ணீர் வந்து நாலு நாள் ஆகிறது. டீக்கடை பெஞ்சில் ஆளுக்கு ஆள் திட்டித் தீர்க்கிறார்கள்.

"குடியிருப்போர் சங்கம் ஒண்ணு ஆரம்பிப்போம், வாங்கண்ணே" என்று யாராவது சொல்லிப் பார்க்கட்டும். பெஞ்சு காலியாகிவிடும்! "வேலை கிடக்குதுப்பா", "வீட்டிலே கேட்டுச் சொல்றேன்", "நமக்கேன் வம்பு" என்று ஆளுக்கு ஒரு சாக்கு.

போடி ஒன்றியத்து ராசிங்காபுரம் போன்ற மலையடிவார ஊர்களுக்கு இந்த வியாதி புதிது. பழைய தெருக்களில் திருவிழா என்றால் தலைக்கட்டு வரி உண்டு. வீட்டுக்கு இவ்வளவு என்று வசூல் செய்வார்கள். திருவிழா முடிந்ததும் ஊர் கூடிக் கணக்கு வாசிப்பார்கள். பத்து ரூபாய் குறைந்தாலும் எழுந்து கேட்க ஒரு கிழவராவது இருப்பார்.

ஊருக்கு வெளியே மனை போட்டுக் கட்டும் புது வீடுகளில் அந்தக் கட்டுக்கோப்பு இல்லை. ஒருவர் விடியும் முன்பே ஏலத் தோட்டத்துக்கு ஜீப் ஏறுகிறார். இன்னொருவர் தேனியில் குமாஸ்தா. மூன்றாமவருக்குப் போடியில் கடை. பக்கத்து வீட்டுக்காரர் முகத்தை ஞாயிற்றுக்கிழமைதான் பார்க்கிறார்கள். இவர்களை ஒன்று சேர்ப்பது யார்?

பூங்கா எங்கே போச்சு?

மனை விற்கும்போது படத்தில் பச்சை வண்ணத்தில் பூங்கா காட்டுவார்கள். அங்கீகாரம் பெற்ற மனைப் பிரிவில் சாலைகளை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். பெரிய மனைப் பிரிவு என்றால் பத்தில் ஒரு பங்கு இடத்தைப் பொது உபயோகத்துக்கு ஒதுக்க வேண்டும். இதெல்லாம் நடந்ததா என்று பத்திரத்தைப் புரட்டிப் பார்ப்பது யார்? யாரும் பார்க்காவிட்டால் ஒரு நாள் பூங்கா இடத்தில் வேலி முளைக்கும். அப்புறம் குய்யோ முறையோ என்று கத்தி என்ன பயன்?

தனி ஆளாகப் போனால் "அப்புறம் வாங்க" என்பார்கள். சங்கத்தின் ரப்பர் ஸ்டாம்பு வைத்த மனுவோடு பத்துப் பேர் போனால் நாற்காலி எடுத்துப் போடுவார்கள்! தமிழ்நாட்டில் வருஷத்துக்கு ஆறு நாள் கிராம சபை கூட வேண்டும் என்று 2022-ல் அரசு அறிவித்தது. அங்கே தெரு முழுதும் திரண்டு போய்த் தீர்மானம் கேட்டால் தட்டிக் கழிப்பது லேசல்ல.

98 பேர் பலி!

"சங்கத்தில் என்ன பெரிய உயிர் போகிற விஷயம்?" என்பவர்கள் அமெரிக்காவில் நடந்ததைக் கேட்க வேண்டும்.

புளோரிடா மாநிலத்தில் சர்ப்சைடு என்ற கடற்கரை ஊர். 1981-ல் கட்டிய 12 மாடிக் கட்டடம். வீட்டுச் சொந்தக்காரர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஏழு பேர் கொண்ட நிர்வாகக் குழு அதைக் கவனித்து வந்தது. 2018-ல் ஓர் என்ஜினீயர் வந்து பார்த்து, "நீச்சல் குளத்தைச் சுற்றியுள்ள தளத்தில் பெரிய சேதம் இருக்கிறது, செப்பனிடுங்கள்" என்று எழுதிக் கொடுத்தார்.

செலவு என்றதும் சண்டை மூண்டது. "இவ்வளவு பணமா?" என்று கூச்சல்! 2019-ல் இரண்டு வாரத்துக்குள் ஏழு பேரில் ஐந்து பேர் ராஜினாமா செய்து விட்டுப் போனார்கள். ஒரு வழியாக ஒன்றரைக் கோடி டாலர் வசூலிக்க முடிவானது 2021 ஏப்ரலில். ஜூன் 24 நள்ளிரவு தாண்டிய நேரம், எல்லோரும் உறங்கும்போது, கட்டடத்தின் பெரும் பகுதி சரிந்தது. 98 உயிர்கள் போயின.

கட்டியதிலேயே குறைகள் இருந்தன என்பது உண்மை. ஆனால் எச்சரிக்கை கைக்கு வந்த பிறகு கிடைத்த இரண்டரை வருஷம் வாக்குவாதத்தில் கரைந்தது என்பதும் உண்மை.

திருவொற்றியூர் பாடம்

அதே 2021, டிசம்பர் 27. சென்னை திருவொற்றியூர் அரிவாக்குளம் அரசுக் குடியிருப்பில் 24 வீடுகள் கொண்ட கட்டடம் பொலபொலவென்று உதிர்ந்தது. ஓர் உயிர்கூடப் போகவில்லை. ஏன்? விரிசலைப் பார்த்தவர்கள் சும்மா இருக்கவில்லை. ஒருவருக்கொருவர் சொல்லி வெளியேறினார்கள். அக்கம்பக்கம் பேசிக்கொண்டதுதான் உயிர் காத்தது.

அரசுக் குடியிருப்புகளில் "நம் குடியிருப்பு நம் பொறுப்பு" என்ற திட்டமும் வந்தது. குடியிருப்போர் சங்கம் அமைத்துப் பராமரிப்புப் பணம் வசூலித்தால், அதே அளவு பணத்தை அரசும் போடும் என்பது ஏற்பாடு.

சென்னையில் 1989-ல் வங்கி அதிகாரி எம்.பி.நிர்மல் தொடங்கிய எக்ஸ்னோராவும் இதே வழிதான். தெருவாசிகள் மாதம் கொஞ்சம் பணம் போட்டு, மூன்று சக்கர வண்டியோடு ஆள் வைத்துக் குப்பை அள்ளினார்கள். அந்தத் தொழிலாளிக்கு "தெரு அழகுபடுத்துபவர்" என்று கௌரவமான பெயரும் கொடுத்தார்கள். பல தெருக்களில் நாற்றம் ஓடியது!

கணக்கைக் காட்டு!

சங்கம் என்றால் பணம். பணம் என்றால் சபலம். புளோரிடாவிலேயே ஹாமக்ஸ் என்ற பெரிய குடியிருப்பில், 20 லட்சம் டாலருக்கு மேல் சங்கப் பணத்தைச் சுருட்டியதாகக் குற்றம் சாட்டி, 2022 நவம்பரில் நிர்வாகத்தில் இருந்தவர்களைப் போலீசார் கைது செய்தார்கள். உறுப்பினர்கள் பல வருஷம் "கணக்கைக் காட்டு" என்று போராடிய பிறகே விலங்கு விழுந்தது.

நம்மூரிலும் சட்டம் உண்டு. 1975-ம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் சங்கம். நிர்வாகக் குழுவில் மூன்று பேராவது வேண்டும். பதவிக் காலம் மூன்று ஆண்டுக்கு மேல் கூடாது, மறுபடி தேர்ந்தெடுக்கலாம். வருஷா வருஷம் கணக்கைப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் எழுதிக் கேட்டால் பதிவாளர் விசாரணையே நடத்தலாம். அடுக்குமாடி வீடுகளுக்கு 2022-ல் தனியாகப் புதுச் சட்டமும் இயற்றப்பட்டது.

கத்தி கூர்மையாகத்தான் இருக்கிறது. பிடிக்கத்தான் கையில்லை!

குழுவுக்கு வருகிறவர் வக்கீலாக இருக்க வேண்டாம், பணக்காரராகவும் இருக்க வேண்டாம். வரவு செலவை நோட்டில் எழுதத் தெரிந்த கடைக்காரர் போதும். மனு எழுதத் தெரிந்த குமாஸ்தா போதும். குழாயில் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், எத்தனை மணிக்கு நிற்கும் என்று அத்துப்படியான வீட்டுப் பெண்கள் அவசியம் வேண்டும். ஒருவரே காலமெல்லாம் தலைவர் நாற்காலியில் ஒட்டிக்கொள்ளாமல் முறை வைத்து மாற வேண்டும். நல்லவர் திட்டு வாங்கி ஒதுங்கினால், அந்த இடத்துக்கு வருகிறவர் எப்படிப்பட்டவரோ?

போடி ஏல மையத்தில் ஏலக்காய் விலை எல்லோர் கண் முன்னாலும் திரையில் ஓடுகிறது. ஒளிவு மறைவு கிடையாது. தெருச் சங்கத்தின் கணக்கும் அப்படி மாதா மாதம் போர்டில் தொங்கட்டும். பிறகு யார் யாரைச் சந்தேகிப்பது?

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம். ஏழு பேர். ஒரு நோட்டு, ஒரு பேனா. டீக்கடை பெஞ்சிலேயே ஆரம்பிக்கலாம். விரிசல் விழுந்த பிறகு கூடுகிற கூட்டத்தை விட அது எவ்வளவோ மேல்!