சுருவிலுக்கு யார் வாசித்துச் சொல்வது?

செயற்கை நுண்ணறிவு கிராமங்களுக்கும் வந்துவிட்டது என்கிறார்கள். நல்ல கைத்தொலைபேசி உள்ள வீடுகளுக்கு வந்திருக்கிறது என்பதே சரி. அண்மையில் நாம் அதனிடம் களங்கட்டியைப் பற்றிக் கேட்டோம். ஆழம் குறைந்த கடலில் கம்பு நட்டு வலை கட்டுவதைக் கேட்டால், அது நெல்லடிக்கும் களத்தைப் பற்றி நீளமாக விளக்கியது. தடுமாற்றம் எதுவும் இல்லை. எழுதப்பட்டவற்றைப் படித்துப் பழகும் இயந்திரம் அது. தீவகத்துக் கடற்றொழிலாளரின் பேச்சை எழுதி வைத்தவர் எத்தனை பேர்?

களங்கட்டி பிழைத்தால் சிரித்துவிடலாம். "இன்றைக்கு வள்ளம் இறக்கலாமா?" என்பதற்கும் அதே துணிவோடு பதில் வந்தால்?

1998இல் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிக் கிராமங்களில் அறிவு மையங்களை அமைக்கத் தொடங்கியது. மீனவர் ஊரான வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளத்திலிருந்து அலையின் உயரத்தை எடுத்து, தமிழில் ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். கணனியைத் தொடாதவரும் எழுத்தறியாதவரும் கரையில் நின்றே கேட்டனர். அதே திட்டத்தைச் சேர்ந்த நல்லவாட்டில், 2004 டிசம்பர் 26 அன்று, சிங்கப்பூரிலிருந்த ஊர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் எச்சரித்தார். மையத்தின் ஒலிபெருக்கி ஊரைக் கிளப்பியது. 3,500க்கும் மேற்பட்டோர் சுனாமிக்குத் தப்பினர்.

எமது நாட்டிலும் 1990களின் இறுதியில் கொத்மலைச் சமூக வானொலி இப்படிச் செய்தது. நேயர்கள் கேள்வி அனுப்பினர். அறிவிப்பாளர்கள் இணையத்தில் தேடி, சிங்களத்தில் விளக்கினர்.

இரண்டு இடத்திலும் இயந்திரத்துக்கும் மக்களுக்கும் நடுவில் ஓர் ஆள் இருந்தார். சுருவிலுக்கும் அதுவே தேவை என்பது எமது கருத்து. கடற்றொழிலாளர் சங்கக் கட்டடத்தில் ஒரு கணனி, அதைப் பழகிய ஊர்ப் பிள்ளை ஒருவர், அவருக்கு மாதாந்தக் கொடுப்பனவு. (கொடுப்பனவை மறந்துவிட்டுத்தான் வழக்கமாகத் திட்டம் எழுதுவார்கள்.) சிங்களத்தில் வரும் கடிதத்தை விளங்கிக்கொள்ளவும் விண்ணப்பம் எழுதவும் இயந்திரம் நன்றாகவே உதவும், அனுப்புமுன் அந்தப் பிள்ளை ஒருமுறை சரிபார்க்க வேண்டும். காற்றும் கடலும் மட்டும் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலிலிருந்தே வாசிக்கப்பட வேண்டும்.

கணனிக்குப் பக்கத்தில் ஒரு கொப்பியும் இருக்கட்டும். பிழையாக வந்த பதில்களையும், அது அறியாத ஊர்ச் சொற்களையும் அதில் எழுதலாம். முதற் பக்கத்தில் களங்கட்டி. அதை விளக்கிச் சொல்லக்கூடிய முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.