மருட்சி இழந்த மான்கள்

திருகோணமலைக்குச் செல்வோர் பலர், பிரெட்றிக் கோட்டையின் உள்ளும் புறமும் திரியும் புள்ளிமான்களைக் காணாது திரும்புவதில்லை. கோணேசர் ஆலயத்துக்குச் செல்லும் அடியார் பழம் நீட்டுவர்; உல்லாசப் பயணிகள் பாண் துண்டை நீட்டிப் படம் பிடிப்பர். மனிதனும் மானும் கூடி வாழும் நகர் இதுவென வியந்துரைப்பாரும் உளர். இவ்வியப்புப் பொருளற்றது என்பதே எமது வாதம். அன்பு என எண்ணி நாம் செய்வது அவ்விலங்கை மெல்லக் கொல்லும் செயலாகும்.

புள்ளிமான் எத்தகைய விலங்கு என்பதை முதலில் நோக்குதல் வேண்டும். வில்பத்து, யால, வஸ்கமுவ முதலிய உலர்வலயக் காடுகள் அதன் தாயகம். எனினும் அடர்காட்டின் நடுவை அது விரும்புவதில்லை. காடும் தரவையும் சந்திக்கும் விளிம்பே அதற்கு உகந்தது. தரவையில் கூட்டமாக மேயும். ஆபத்து நேரின் மரங்களிடையே மறையும். நீர்நிலையை விட்டு நெடுந்தூரம் அகலாது. மரத்திலிருந்து மந்தி உதிர்க்கும் இலையும் காயும் அதற்கு உணவாகும். சிறுத்தையை மேலிருந்து காணும் மந்தியின் குரலும், கீழிருந்து மோப்பத்தால் உணரும் மானின் கூவலும் இரு சாராரையும் காக்கும். சிறுத்தையின் முதன்மையான இரைகளுள் புள்ளிமானும் ஒன்றாதலின், அது குன்றின் காட்டின் ஒழுங்கே குலையும்.

மருண்ட பார்வைக்கு மானை உவமை கூறுதல் தமிழ்ப் புலவர் மரபு. புலவருக்கு அம்மருட்சி அழகு. மானுக்கோ அதுவே அரண். கொம்பு ஆணுக்கு மட்டுமே உண்டு. அதுவும் காலந்தோறும் உதிர்ந்து முளைப்பது. ஒரு முறைக்குப் பெரும்பாலும் ஒரு குட்டியே ஈனும் பெண்மானுக்கு அச்சமும் ஓட்டமும் அன்றி வேறு காப்பு இல்லை. இந்த அச்சத்தையே பாண் துண்டு கொடுத்து நாம் பறித்துக்கொண்டோம். மனிதனுக்கு அஞ்சாத மான், அவன் ஓட்டும் வாகனத்துக்கும் அஞ்சுவதில்லை. அவன் எறியும் குப்பைக்கும் அஞ்சுவதில்லை.

மான் இரைமீட்கும் விலங்கு. நான்கு அறைகள் கொண்ட அதன் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்களே புல்லைச் செரிக்கச் செய்கின்றன. பாணும் சோறும் மிகுமாயின் அமிலம் பெருகி அந்நுண்ணுயிர்களின் சமநிலை கெடும். சோற்றுப் பார்சலின் பொலித்தீன் தாளில் ஒட்டிய உப்பும் எண்ணெயும் மானை ஈர்க்கின்றன. தாளோடு சேர்த்தே விழுங்குகின்றது. விழுங்கிய தாள் செரிப்பதில்லை. அது நாளடைவில் திரண்டு இரைப்பையை அடைக்க, வயிறு நிறைந்திருக்கவே அவ்விலங்கு பட்டினியால் மடிகின்றது. அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் மாண்டமை 2022இல் உலகச் செய்தியாயிற்று. யானைக்கு நேர்ந்ததே மானுக்கும் நேர்கின்றது. மான் சிறிதாகையால் செய்தியும் சிறிதாகின்றது.

சட்டம் இல்லையா எனின், உண்டு. வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937இலேயே இயற்றப்பட்டது. மெல்லிய பொலித்தீனுக்கும் சோற்றுப் பார்சல் தாளுக்கும் 2017இல் தடை வந்தது. துப்பாக்கியால் மானைச் சுடுபவனைச் சட்டம் குற்றவாளி என்கின்றது. பொலித்தீனால் கொல்பவனையோ நாம் அடியார் என்றும் விருந்தினர் என்றும் அழைக்கின்றோம்.

இனி மறுப்போர் கூற்றுக்களைக் காண்போம். புள்ளிமான் உலகில் அருகிவரும் இனமன்று என்பர் சிலர். உண்மையே. 19ஆம் நூற்றாண்டில் ஹவாய்த் தீவுகளுக்குக் கொண்டுசெல்லப்பட்ட புள்ளிமான்கள் அங்கு பெருந்தொல்லையாகும் அளவுக்குப் பெருகின. ஆயின் இது எமது வாதத்துக்கே வலுவூட்டுகின்றது. புல்லும் நீரும் கிடைப்பின் அந்நிய மண்ணிலும் செழிக்கும் விலங்கு, தன் சொந்த மண்ணில் குப்பை தின்று மடியுமெனின் குறை எவருடையது?

அனைத்தையும் பிடித்துக் காட்டில் விட்டால் என்ன என்பர் வேறு சிலர். பிடிபடும் அதிர்ச்சியினாலேயே மாளும் இயல்புடையது மான். குப்பையை விட்டுவைத்து மானை மட்டும் அகற்றுதல், நோயை விட்டு நோயாளியை நாடு கடத்துவது போன்றது.

உணவிடாவிடின் அவை பட்டினி கிடக்குமே என இரங்குவோரும் உளர். அவ்விரக்கத்தைப் புல்வெளியின்பால் திருப்புக என்பதே எமது விடை. கோட்டையையும் கடற்கரையையும் சூழ்ந்து எஞ்சியுள்ள திறந்த நிலங்களில் கட்டடம் எழாது காத்தல், குடிநீர் வழங்கல், குப்பைத் தொட்டிகளை மூடிவைத்தல், உணவிடுவதைத் தடுத்தல், வாகன வேகத்தைக் கட்டுப்படுத்தல் ஆகியன எட்டாக் கனிகள் அல்ல. பெருஞ்செலவு கோருவனவும் அல்ல. அவை கோருவன ஒழுக்கமும் மேற்பார்வையுமே. இவ்விரண்டும் இல்லாமையை மறைக்கவே 'நகரின் அழகு' என்னும் சொல் பயன்படுகின்றது.

உயிரிரக்கம் பேசும் சமயங்களைப் பின்பற்றுவோர் நாம். எனினும், கொடுப்பவன் மனம் மகிழ்வதால் மட்டும் ஒரு செயல் அறமாகிவிடாது. பெறும் உயிர் வாழ்ந்தாலன்றோ அது அறமாகும்? கோட்டை வாயிலில் மான் நம் கையை நோக்கி வருமாயின் பெருமைப்படற்க. நம்மைக் கண்டதும் அது மீண்டும் மருண்டு விலகும் நாளே நாம் அதனை உண்மையில் நேசிக்கத் தொடங்கிய நாளாகும்.