தீபாவளிக்கு முற்பணம் உண்டு, படிப்புக்கு ஏன் இல்லை?

போன மாதம் எங்கள் தோட்டத்துக்கு ஒரு நிறுவனத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். பிள்ளைமடுவத்தில் பெற்றோரை உட்காரவைத்து, ஆளுக்கொரு கொப்பியும் பேனையும் கொடுத்து, வரவு செலவு எழுதச் சொல்லித்தந்தார்கள். "உங்களிடம் சேமிக்கும் பழக்கம் இல்லை. அதனால்தான் பிள்ளைகளை மேலே படிக்கவைக்க முடிவதில்லை" என்றார் அவர்களில் ஒருவர். தேநீரும் பிஸ்கட்டும் தந்தார்கள். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. நானும் பேசவில்லை. அன்று பேசாததை இங்கே எழுதுகிறேன்.

என் மகள் வவுனியா பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானபோது நாட்சம்பளம் 1,350 ரூபா. மாதம் 20 நாள் பேர் போட்டால் 27,000. சேமலாப நிதிக்கு 8 வீதம், அதாவது 2,160 கழிந்தால் 24,840. அதன் பிறகு சந்தா, தீபாவளி முற்பணத்தின் தவணை, கடைக்கணக்கு. நிறை குறைந்த நாளில் அரைப் பேர். இதை எந்தக் கொப்பியில் எழுதினாலும் கூட்டுத்தொகை ஒன்றுதான்.

சேமிக்கும் பழக்கம் இல்லையாம்! நம் கையிலிருந்து 8 வீதமும் கம்பனியிடமிருந்து 12 வீதமும் மாதம் தவறாமல் சேமலாப நிதிக்குப் போகிறதே, அது சேமிப்பு இல்லையா? வீட்டுக்கும் வைத்தியத்துக்கும் அதில் 30 வீதம் வரை நிபந்தனையோடு முன்கூட்டியே எடுக்கச் சட்டம் இடம் தருகிறது. பிள்ளையின் பட்டப்படிப்புக்கு எடுக்க இடமில்லை.

செலவு எங்கே கழுத்தைப் பிடிக்கிறது என்று சொல்கிறேன். நாலு வருடமும் ஒரே மாதிரி பிடிப்பதில்லை. முதல் மூன்று நான்கு மாதம்தான் பிடிக்கிறது. அட்டனில் பஸ் ஏறி, கண்டியில் மாறி, மாத்தளை, தம்புள்ளை, மதவாச்சி தாண்டி வவுனியா. அங்கிருந்து பம்பைமடுவுக்கு இன்னொரு பஸ். முதல் தடவை துணைக்கு நானும் போனேன், ஆகவே பஸ் காசு இரண்டு பங்கு. மெத்தை, வாளி, உடுப்பு. பழைய மடிக்கணினி ஒன்று. அதுதான் பெரிய அடி. மகாபொல உதவிப்பணம் 2025 வரவு செலவுத் திட்டத்தில் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆனது. நல்லது, வரவேற்கிறோம். ஆனால் விண்ணப்பம், வருமானச் சான்று, தெரிவு எல்லாம் முடிந்துதான் அது கைக்கு வரும். பஸ்காரர் அதுவரை பொறுப்பாரா?

அந்தப் பாதை நமக்குப் புதியதல்ல. மன்னார்க் கரையில் இறங்கிய நம் பூட்டன்மார் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்த பாதை அது. அந்த 200 வருட நினைவாக 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நம்மவர்கள் மறுபடி நடந்தார்கள். அன்று வந்த வழிச்செலவைத்தான் கங்காணி அவர்கள் பேரில் முதல் கடனாக எழுதினார். அந்தக் கடனைத் துண்டில் குறித்துத் தோட்டத்துக்குத் தோட்டம் ஆளை மாற்றினார்கள். துண்டு முறை 1921இல்தான் ஒழிந்தது. இன்று பிள்ளைகள் அதே பாதையில் எதிர்ப்பக்கமாகப் படிக்கப் போகிறார்கள். இப்போதும் முதலில் எழுதுவது கடனைத்தான்.

மகளை விடுதியில் விட்டுவிட்டுக் கிளிநொச்சிக்குச் சின்னம்மாவைப் பார்க்கப் போனேன். 77 கலவரத்தில் மலையை விட்டு வன்னிக்குப் போன குடும்பம். பேத்தியின் படிப்புக்காக வாரக் கடன் எடுத்து, அதை அடைக்க இன்னொன்று எடுத்து, தோட்டையும் அடகு வைத்துவிட்டார். யுத்தம் முடிந்த கையோடு ஏ-9 வீதி வழியாக வன்னிக்குள் நுண்கடன்காரர்கள் புகுந்த கதை எல்லோருக்கும் தெரியும். ஒருத்தி கட்டாவிட்டால் குழுவில் மற்றவள் கட்டவேண்டும். கடைசியில் 2018இல், வறட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு லட்சம் ரூபாவுக்கு உட்பட்ட பெண்களின் நுண்கடனைத் தள்ளுபடி செய்ய அரசே முன்வரவேண்டியிருந்தது. சின்னம்மா சொன்னார்: "கணக்குத் தெரியாம நான் மாட்டலப்பா. திங்கக்கிழமை கணக்கு எனக்கு மனப்பாடம். கையில காசு இல்லாத நேரத்துல அவன்தான் வாசல்ல நின்னான்." அதே ஆட்கள் இப்போது நம் லயத்து வாசலிலும் நிற்கிறார்கள்.

மகளும் கணக்கு எழுதுகிறாள், யாரும் சொல்லிக்கொடுக்காமலே. ஒரு நேரச் சாப்பாட்டுப் பார்சலை இரண்டு பேராகப் பகிர்ந்தது வரை அதில் இருக்கிறது. சின்ன லீவுக்கு வீட்டுக்கு வரச் சொன்னால் "அசைன்மென்ட் இருக்குப்பா" என்பாள். அசைன்மென்ட் இல்லை, பஸ் காசு இல்லை என்று அவள் அம்மாவுக்குத் தெரியும். இரண்டு பேரும் அதைப் பேசிக்கொள்வதில்லை.

கேட்பது தானம் அல்ல. தீபாவளிக்கு வட்டியில்லாமல் முற்பணம் தந்து, மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளத் தோட்டத்துக்குத் தெரிகிறது. பல்கலைக்கழக அனுமதிக் கடிதத்தைக் காட்டும் குடும்பத்துக்கும் அப்படியே தரட்டும், பிடித்துக்கொள்ளட்டும். பிள்ளை படித்தால் மலைக்கு ஆள் குறையும் என்ற பயம்தான் தடையென்றால் அதையாவது வாய்திறந்து சொல்லட்டும்.

நம் சங்கத்தையும் கேட்கிறேன். மேதின பஸ்ஸுக்கும் பதாகைக்கும் சந்தாவில் பணம் இருக்கிறது. அனுமதி கிடைத்த பிள்ளைக்கு முதல் மூன்று மாதம் வட்டியில்லாமல் கொடுத்து, மகாபொல வந்தபின் சிறுகச் சிறுக வாங்க ஒரு நிதி ஏன் இல்லை? சேமலாபச் சட்டத்தில் கல்வியையும் சேர்க்கச் சொல்லி நம் தலைவர்கள் எத்தனை தடவை எழுதினார்கள்? எழுதியிருந்தால் இந்தப் பத்திரிகையிலேயே போடுங்கள், படித்துச் சந்தோஷப்படுகிறோம்.

அடுத்த தோட்டக் கமிட்டியில் முற்பணத்தையும் சங்க நிதியையும் இரண்டு தீர்மானங்களாக நான் கொண்டுவரப் போகிறேன். மாதர் சங்கத் தலைவி முதலாவதை வழிமொழிவதாகச் சொல்லியிருக்கிறார். இரண்டாவதுக்கு ஆள் வேண்டும்.