டாஸ் போடுபவர் மட்டும்தான் கேப்டனா? படகில் ஏறும் முன் ஒரு நிமிடம்!

முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. 1836-ல் இங்கே மேலணை வேலையைத் தொடங்கிய ஆர்தர் காட்டன், அன்றைக்கு ராணுவத்தில் கேப்டன். இதே காவிரியில் மேலே, ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுபவருக்கு அந்தப் பட்டமெல்லாம் கிடையாது. ஆனால், கரையை விட்டு நகர்ந்துவிட்டால் அவர்தான் கேப்டன். அதை நாம் ஒப்புக்கொள்கிறோமா?

மைதானத்தில் எப்படி?

கிரிக்கெட்டில் பந்துவீச்சு மாற்றம், ஃபீல்டிங் வியூகம் எல்லாம் கேப்டன் கையில். ஃபீல்டிங் அணி சார்பில் டிஆர்எஸ் கேட்கும் உரிமையும் அவருக்கு மட்டும்தான். பவுலர் எவ்வளவு கெஞ்சினாலும் கேப்டன் வேணாம்னா வேணாம்தான். தப்பு நடந்தால் தண்டனையும் அவருக்கே. 2024 ஐபிஎல் சீசனில் மும்பை அணி மூன்று முறை தாமதமாகப் பந்து வீசியதால், 2025-ல் சேப்பாக்கத்தில் நடந்த முதல் ஆட்டத்தில் ஹர்திக் பாண்டியா ஆட முடியவில்லை.

படகில் எப்படி?

பொறுப்பு இதைவிடப் பெரிது. 2012-ல் இத்தாலியில் கோஸ்டா கான்கார்டியா கப்பல் கவிழ்ந்து 32 பேர் இறந்தார்கள். பயணிகள் உள்ளே இருக்கும்போதே வெளியேறிய கேப்டனுக்கு 16 ஆண்டு சிறை.

பொறுப்பைச் சுமத்துகிறோம், சரி. அதிகாரம்? எத்தனை பேர் ஏறலாம், எப்போது திரும்பலாம் என்பதை ஓட்டுபவர் சொன்னால் யார் கேட்கிறார்கள்? 'அண்ணே, இன்னும் ரெண்டே பேர்' என்று நாம் கெஞ்சுவோம். லீவு நாள் கூட்டத்தைப் பார்த்துவிட்டால் ஓனருக்கும் திருப்பி அனுப்ப மனம் வராது.

2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் ஜலகன்யகா படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். அதிகம் பேர் ஏறியதும், விலங்குகளைப் பார்க்க ஒரே பக்கம் திரண்டதும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் 22 பேர். அங்கேயும் அளவுக்கு மீறிய கூட்டம்.

என்ன செய்ய வேண்டும்?

எத்தனை பேர் ஏறலாம் என்பது படகிலேயே பெரிதாக எழுதப்பட வேண்டும். ஓட்டுபவர் மறுத்தால் ஓனரும் அதை மாற்றக் கூடாது. ரத்தான ட்ரிப்புக்காக அவர் கூலியில் கை வைக்கவும் கூடாது. இந்த மூன்றும் இல்லாமல் விபத்துக்குப் பிறகு அவரை மட்டும் கைது செய்வது நியாயமாகாது.

நம் பங்கும் இருக்கிறது. ரிவ்யூ வேணாம்னு தோனி தலையாட்டினால் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்கிறோம். 'லைஃப் ஜாக்கெட்டைக் கழட்டாதீங்க, உட்காருங்க' என்று படகுக்காரர் சொல்லும்போதும் அப்படியே கேட்கலாமே. மைதானத்தில் தவறினால் போவது ஒரு மேட்ச்தான்.